நம்பத்தகுந்த சாட்சி

“அம்மா, நீங்கள் ஒரே ஒரு நாள் ஒண்டும் தெரியாத ஆளா இருந்திருந்தா, நான் இப்ப வீட்டில இருந்திருப்பன்.”

இதுதான் அவன் சொன்னது. நான் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு ஞாபகசக்தி நல்லது. கொன்வென்டில் ஆறாம் வகுப்பில் பாடமாக்கியதை இன்றைக்கும் நிறுத்தாமல் ஒப்புவிப்பேன். போன மாதம் சந்திப்பு மண்டபத்தில், நான் மெசினில் எடுத்துக் கொடுத்த சொக்கிலேற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சொன்னான். பெற்ற தாயைப் பார்த்து. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முதுகை நிமிர்த்தி இரு” என்றேன். முப்பத்தொரு வயது ஆம்பிளை, கூனிக்கொண்டு இருக்கிறான்.

நீங்கள் முதல் தரம் போகிறீர்கள், இல்லையா தங்கச்சி? சொல்ல வேண்டாம். கையில் அந்தக் கடதாசியை எட்டாக மடித்து வைத்திருக்கிறீர்கள், அதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டேஷனில் இருந்து இந்த பஸ்ஸில் ஏறுகிற தமிழ்ச் சனம் வேறு எங்கே போகும்? கடைசித் தரிப்பில் சிறையையும் சேற்றையும் தவிர ஒன்றும் இல்லை. தலையில் அந்தக் கம்பிக் கிளிப்பைக் கழற்றி வையுங்கோ, மெசின் கத்தும். நாய் வந்து மோந்தால் அசையாமல் நில்லுங்கோ. ஆரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அப்படி நோண்டுகிற ஆள் நான் இல்லை. தம்பியா? சரி, விடுங்கோ. முகத்தைப் பார்த்தால் தம்பிதான்.

நாற்பது நிமிசப் பயணம். சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது.

என்ர மகன் டெஸ்மன் ஆளைக் கொல்லவில்லை. எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்லுவார்கள், தெரியும். ஆனால் இதை நான் சொல்லவில்லை, அரசாங்கத் தரப்பு லோயரே முதல் நாள் எழும்பி நின்று சொன்னார். கத்தி லியோனுடையது. குத்தியது லியோன். டெஸ்மன் பத்தடி தள்ளிக் காருக்குப் பக்கத்தில் நின்றவன். காற்சட்டைப் பைக்குள் இரண்டு கையும். கமெராவில் அப்படியே விழுந்திருக்கு, காற்சட்டைப் பைக்குள் கை. எத்தனை தரம் சொல்லியிருப்பேன், பெரியவர்கள் முன்னால் அப்படி நிற்காதே என்று.

லியோன் ஆர் என்றால், என்ர மனுசன் பெனடிக்ற் இருக்கிறாரே, அவருடைய தங்கச்சி ஸ்ரெல்லாவின் ஒரே மகன். ஸ்ரெல்லா எனக்கு மச்சாள். மச்சாள் என்று சொல்ல நாக்குக் கூசுது, ஆனால் முறை அதுதானே. படிப்பு இல்லை. பிள்ளைக்குப் பதினேழு வயதிலேயே கார் வாங்கிக் கொடுத்தவள். என்ர மகன் பஸ்ஸில்தான் யூனிவர்சிற்றிக்குப் போனான், முதலாம் வருசம், எக்கவுண்டன்சி.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஸ்ரெல்லாவின் மகள் காலமை சேர்ச்சில் முதல் நன்மை வாங்கினாள், பின்னேரம் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. நான் குசினிப் பக்கம் நின்று கட்லற் பொரித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஸ்ரெல்லா ஏற்பாடு செய்தவன் நேரத்துக்கு வரவில்லை. அவளுடைய ஏற்பாடு எல்லாம் அப்படித்தான். லியோன் காரின் பக்கக் கண்ணாடியை ஆரோ இடித்துப்போட்டுப் போய்விட்டானாம், ஆள் இன்னார் என்று தெரிந்துபோச்சாம், போய்க் கதைக்க வேணுமாம். “வா மச்சான்” என்று கூப்பிட்டான். டெஸ்மன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “பத்து நிமிசத்தில வாறன் அம்மா” என்று போனான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெடியனுக்குப் பத்தொன்பது வயது. ஜேமி என்று பெயர். டெஸ்மனுக்கும் பத்தொன்பதுதான்.

பத்தடி தள்ளி நின்றவனை எப்படிக் கொலைகாரன் ஆக்கினார்கள் என்று கேளுங்கோ. நீங்கள் கேட்கத்தான் வேணும், ஏனென்றால் உங்கட தம்பிக்கும் இதே சட்டமாக இருக்கக்கூடும். நீதிபதி ஜூரிமாருக்குச் சொன்னார்: கூடப் போனவன் குத்த வேண்டியதில்லை. கத்தியைத் தொட வேண்டியதில்லை. யாராவது சாக வேணும் என்று நினைத்திருக்கவும் வேண்டியதில்லை. ‘இவன் கத்தியை எடுத்து ஆளைப் பெரிதாகக் காயப்படுத்தக்கூடும்’ என்று மனதில் ஒரு எண்ணம் இருந்து, இருந்தும் கூடப் போய் நின்றால், அவனும் கொலைகாரன். அவ்வளவுதான். மூன்று பட்டம் வாங்கின மனுசன், தலையில் குதிரைமயிர் விக்கை வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறார்.

ஆகவே நாலு கிழமை வழக்கும் ஒரே ஒரு கேள்வியில்தான் நின்றது. லியோன் கத்தி வைத்திருக்கிறவன் என்று டெஸ்மனுக்குத் தெரியுமா? டெஸ்மன் பொலிசுக்குச் சொன்னான், சத்தியமாகத் தெரியாது என்று. லியோன் வாயே திறக்கவில்லை. ரெலிபோனில் ஒரு மெசேஜும் இல்லை. பார்த்த சாட்சி இல்லை.

அப்ப எங்கேயிருந்து வந்தது என்றுதானே பார்க்கிறீர்கள். பொறுங்கோ, வருகிறேன்.

சம்பவம் நடந்து மூன்றாம் நாள் ஒரு பொலிஸ்காரி வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெட்டை, நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. கூட ஒரு தமிழ் மனுசியையும் மொழிபெயர்க்க என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு மொழிபெயர்ப்பு. கற்பனை செய்து பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் ஐரிஷ் சிஸ்டர்மாரிடம் இங்கிலிஷ் படித்தவள் நான், பேச்சுப் போட்டியில் மூன்று வருசம் முதலாம் பரிசு. அந்த மனுசியை வாசலிலேயே வைத்து, மிக்க நன்றி, நீங்கள் போகலாம் என்று அனுப்பிவிட்டேன். பெனடிக்ற் ஏதோ சொல்லப் பார்த்தார். அவருடைய இங்கிலிஷ் பெற்றோல் செற்றில் நின்று காசு வாங்கக் காணும், அதுக்கு மேலே போகாது.

அதற்கு முதல் நாள் ஸ்ரெல்லா வீட்டுக்குப் போயிருக்கிறாள் இந்தப் பொலிஸ்காரி. அங்கே ஸ்ரெல்லா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மூக்கைச் சிந்திச் சிந்தி, “எனக்கு ஒண்டும் தெரியாது, எனக்கு ஒண்டும் தெரியாது.” பெற்ற தாய். பிள்ளை எங்கே போகிறான், ஆரோடு போகிறான், பைக்குள் என்ன வைத்திருக்கிறான், ஒன்றும் தெரியாதாம். வெட்கமில்லாமல் அதை ஒரு பொலிஸ்காரிக்குச் சொல்லி, அவள் அதை எழுதி எடுத்துக்கொண்டு போக விட்டிருக்கிறாள்.

என்ர மேசையில் இருந்துகொண்டு அந்தப் பெட்டை கேட்டாள்: லியோன் கத்தி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியுமா? கேட்ட விதம் இருக்கே. தெரியாது என்ற பதிலை ஏற்கெனவே பாதி எழுதி வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி. ஸ்ரெல்லாவையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்கிற மாதிரி.

நான் சொன்னேன், நிச்சயமாகத் தெரியும். அவன் காருக்குள் கத்தி வைத்திருக்கிறவன். அவனோடு சேராதே என்று என் மகனைப் பல தடவை எச்சரித்திருக்கிறேன். நான் கவனமில்லாத தாய் அல்ல.

வடிவாகச் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவள் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள், அப்பதான் முதல் முதலாக மரியாதையாகப் பார்த்தாள். என்ர மனுசன் அதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து தமிழில் முணுமுணுக்கிறார்: “நீர் எப்பயப்பா சொன்னனீர்?”

என்ன சொல்லுகிறார் என்று பொலிஸ்காரி கேட்டாள். தேத்தண்ணி ஆறுகிறது என்கிறார் என்று சொன்னேன்.

குடித்துவிட்டுப் போனாள்.

அப்படிப் பார்க்காதேயுங்கோ. நான் சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய ஆள்தானே நான். அவனோடு சேராதே என்று எத்தனையோ தரம் சொன்னேன், அது உண்மை. படிப்பில்லாதவன், தலைமயிரைப் பார், காரைப் பார், எல்லாம் சொன்னேன். கத்தி ஒன்றுதான் விட்டுப்போனது. அது இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

வழக்கில் அரசாங்கத் தரப்பே என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. எங்கட லோயர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார், ஏன் என்று அப்ப எனக்கு விளங்கவில்லை. சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பைபிளில் கை வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். தேவையில்லை, நன்றி, என்றேன். ஜூரியில் இருந்த ஒரு கிழவர் சிரித்தார், நல்ல சிரிப்பு. எத்தனை தடவை மகனை எச்சரித்தீர்கள் என்று கேட்டார்கள். எண்ணவில்லை, பத்துக்குக் குறையாது என்றேன். அவ்வளவு மரியாதையாக ஒருவரும் என்னை இந்த நாட்டில் கேள்வி கேட்டதில்லை. கடையில் கேட்பார்களா, ஆஸ்பத்திரியில் கேட்பார்களா?

குற்றவாளிக் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டெஸ்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொல்லி லோயர் கேட்டிருக்கிறார். ஏறினால் முதல் கேள்வி என்னவாயிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்: உன் தாய் பொய் சொல்லுகிறாளா? “அப்ப நான் ஏறயில்லை” என்று சொல்லிவிட்டான். சபையில் தாயைப் பொய்க்காரி என்று சொல்லுகிற பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை. அது என்ர வளர்ப்பு. ஸ்ரெல்லாவின் பிள்ளை என்றால் சொல்லியிருப்பான்.

ஆயுள் தண்டனை. குறைந்தது பதினேழு வருசம். இப்ப பன்னிரண்டாவது நடக்குது.

அந்த ஜேமியின் தாயும் நாலு கிழமையும் வந்தாள். ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. முதல் நாள் மதியம் கன்ரீனில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள், ஆள் ஆரென்று தெரியாமல் நான் அவளுக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அவளும் தாங்ஸ் சொன்னாள். அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை, உன் மகன் எங்கே போனான், உனக்குத் தெரியுமா என்று. ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு ஏன் அது இப்ப ஞாபகம் வருது.

பிறகு பாருங்கோ கூத்தை. 2016இல் இந்த நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றம் சொல்லுகிறது, முப்பது வருசமாகச் சட்டம் பிழையான பாதையில் போய்விட்டதாம். கத்தியை எடுக்கக்கூடும் என்று நினைத்திருந்தால் மட்டும் காணாதாம், அது ஒரு சான்று மட்டும்தானாம். குற்றத்துக்குத் துணைபோகிற நோக்கம் அவனுக்கு இருந்திருக்க வேணுமாம். முப்பது வருசம். நான் சோற்றை ஒரு நாள் குழைய விட்டால் பெனடிக்ற் முகத்தைச் சுளிப்பார். சரி, பிழை என்று கண்டுபிடித்தார்களே, உள்ளே இருக்கிறவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பழைய தீர்ப்பெல்லாம் பழைய தீர்ப்புத்தானாம். அப்பீலுக்குக் காலம் கடந்துவிட்டதாம். காலம் கடந்து வருகிறவர்கள் தனியாக அனுமதி கேட்க வேணுமாம், ‘பாரிய அநீதி’ நடந்தது என்று காட்டவும் வேணுமாம். சின்ன அநீதி என்றால் உள்ளேயே இருந்து முடித்துவிட்டு வா என்று அர்த்தம்.

நாங்கள் கேட்டோம். மறுத்துக் கடிதம் வந்தது. புதுச் சட்டத்தைச் சொல்லியிருந்தாலும் ஜூரி இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும், ஏனென்றால் கத்தி இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதற்கு அவனுடைய தாயின் சாட்சியம் இருக்கிறது என்று எழுதியிருந்தார் ஒரு நீதிபதி. என்ர பெயர் மூன்று இடத்தில் வந்தது. ‘தெளிவான, நம்பத்தகுந்த சாட்சி’ என்று இருந்தது. வாசித்தவுடன் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு... நீங்கள் சிரிக்கக்கூடாது. பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த சேர்ட்டிபிக்கற் அது ஒன்றுதான்.

இப்ப ஹெலன் என்று ஒரு லோயர். தலைமயிரில் ஒரு பக்கம் நீலம், ஆனால் வேலை தெரிந்தவள். வழக்குகளைத் திரும்பப் பார்க்கிற ஒரு ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறாள், அவர்கள் விரும்பினால் அப்பீல் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பலாமாம். புதிதாக ஒரு சான்று வேணுமாம். இதற்குள் எங்கட பெனடிக்ற், முப்பத்துநாலு வருசம் வாய் திறக்காத மனுசன், எனக்குச் சொல்லாமல் அவளுடைய கந்தோருக்குப் போய், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, அந்தத் தேத்தண்ணிக் கதையைச் சொல்லியிருக்கிறார். அதே மனுசி, நான் வாசலில் இருந்து அனுப்பினேனே, அவளாகத்தான் இருக்கும். இப்ப அவர் தங்கச்சி வீட்டில் போய் இருக்கிறார். ஸ்ரெல்லா சமைத்துப் போடுகிறாளாம். நல்லாத் தின்னட்டும்.

புருசனின் சொல் மட்டும் காணாதாம். சொன்னவளே வந்து, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேணுமாம்.

முதலாம் தரம் ஹெலன் கடதாசியையும் பேனையையும் எனக்கு முன்னால் வைத்தபோது, என்ர கண்ணாடி வீட்டில் இருந்தது. இரண்டாம் தரம் எனக்குக் காய்ச்சல். மூன்றாம் தரம் நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இதை நான் எப்பவோ சொல்லி முடித்துவிட்டேன் என்றேன். ஆருக்கு என்று கேட்டாள். பாதருக்கு. தண்டனை கிடைத்த அடுத்த மாதமே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பொய்ச்சத்தியம் செய்தேன் என்று. அவர் ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். நான் அதற்கு மேலேயும் சொன்னேன். கடவுளே மன்னித்து முடித்த விசயத்தை நான் எதற்கு ஒரு ஆணைக்குழுவுக்குத் திருப்பிச் சொல்ல வேணும்?

ஹெலன் நீல மயிரை இழுத்துக்கொண்டு கேட்டாள், அந்தப் பாதர் இப்ப எங்கே? பாதர் செத்து நாலு வருசம். செத்திருக்காவிட்டாலும் அங்கே கேட்டதை அவர் வெளியில் சொல்லக்கூடாது. இவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

பொய்ச்சாட்சி சொன்னதற்கு என்னையும் பிடிக்கலாமாம், வேறு ஒரு லோயரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு வையுங்கள் என்று அவளே சொன்னாள். கேட்டேன். அதற்குப் பயமில்லை. பன்னிரண்டு வருசமாகச் சிறைக்குப் போய் வருகிறவளுக்கு என்ன பயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கிறவள் நான். அந்த மேடையில் நான் ஏற, மூன்றாம் வரிசை வாங்கில் ஸ்ரெல்லா இருந்து நிமிர்ந்து பார்ப்பாள். பெனடிக்றும் பக்கத்தில் இருப்பார்.

இந்தா, கைப்பையில்தான் இருக்குது. இரண்டு பக்கம். முத்திரை ஒட்டின கவரும் அவளே தந்திருக்கிறாள், திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேணுமாம். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பொலிசுக்குச் சொன்னது, நீதிமன்றத்தில் சொன்னது, தேத்தண்ணி, எல்லாம் இருக்கட்டும். ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னேன். அதை வெட்டினால் மற்றது ஒன்றும் நிற்காது என்கிறாள். வாசிக்கிறேன், தமிழில் சொல்லுகிறேன், கேளுங்கோ: ‘என் மகன் எங்கே போகிறான், ஆரோடு போகிறான், அவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.’

எனக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்ரெல்லா அழுது அழுது சொன்ன அதே வசனம். எழுத்துப் பிசகாமல் அதே வசனம். இதற்கா நான் கொன்வென்டில் படித்தேன்?

அவன் நேற்று ரெலிபோனில் சொல்லிவிட்டான், கையெழுத்து வைச்சிட்டு வாங்கோ, இல்லாட்டி வராதேங்கோ, நான் உங்களைச் சந்திக்க வரமாட்டன் என்று. கடதாசியை உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள், அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேணும். அவனுக்குக் காட்டவும் முடியாது. வைத்துவிட்டேன் என்று நான் சும்மா சொல்லலாம். முகத்தை ஒரு மாதிரி வைக்காமல் சொல்ல எனக்குத் தெரியும், அதற்கு நீதிபதியின் சேர்ட்டிபிக்கற் இருக்கு. அவன் நம்பிவிடுவான். உடனே முதுகை நிமிர்த்தி இருந்து, அந்தச் சொக்கிலேற்றைப் பிரித்துத் தின்பான். சின்னனில் இருந்தே நான் எது சொன்னாலும் நம்புகிறவன்.

அந்தா, மதில் தெரியுது. அதற்குப் பிறகு ஒரு தரிப்புத்தான். கடதாசியை எட்டாக மடித்தது காணும், விரியுங்கோ, கேட்டில் விரித்துத்தான் கேட்பார்கள்.

தங்கச்சி, உங்களிடம் ஒரு பேனை இருக்கா? என்னிடம் எப்பவும் இருக்கும். இன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்று குசினி மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருசமாக அலுமாரியில் போட்டுவிட்டுத்தானே போகிறேன், இன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வேணுமென்று செய்தேன் என்று நினைக்காதேயுங்கோ. கிளிப் வைத்த அந்தப் பையில் பாருங்கோ. அடியில் பாருங்கோ.

இல்லையா?

சரி, பொறுங்கோ, நான் எழும்பிக் கேட்கிறேன். எல்லாரும் அங்கே போகிறவர்கள்தான், வெட்கப்பட என்ன இருக்கு. எக்ஸ்கியூஸ் மீ. மன்னிக்க வேண்டும். ஆரிடமாவது ஒரு பேனை இருக்குமா? ஒரு நிமிசத்துக்குத்தான். ஒரு கையெழுத்து வைத்துவிட்டுத் தந்துவிடுகிறேன். ஆரிடமாவது?